கச்சேரி நின்ற கோடையில் டிரங்க் போர்டு ஹில்டா

என் அப்பாவுக்குத் தம்பிகள் நாலு பேர். கடைசித் தம்பி அசரியா சித்தப்பா. மற்ற மூவரும் செங்கல்பட்டுப் பக்கமே நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கிடைத்துத் தாம்பரம் வந்தார். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்கென்று இங்கே இருந்த ரத்தசொந்தம் அவர் வீடு ஒன்றுதான். அவருக்கு ஒரே மகள், ஹில்டா. அவளுக்குப் பதினோரு வயதில் சித்தி டைபாய்டில் போய்விட்டாள். பிறகு சித்தப்பாவுக்கும் கண் போயிற்று. மருந்து பாட்டிலில் ஒட்டிய சீட்டை மூக்கோடு வைத்துப் படிக்கிற மனிதரை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்? அதனால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ஹில்டா வேலை தேடினாள். அறுபத்தேழில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால்தான். போனை எடுத்து ஊரையும் நம்பரையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஆபரேட்டர் அதை ஒரு சின்ன டிக்கெட்டில் எழுதி, லைன் கிடைத்ததும் கூப்பிட்டுக் கொடுப்பாள். ஹில்டா உட்கார்ந்திருந்தது அந்த டிரங்க் போர்டில். தலையில் ஹெட்செட் அழுத்தி அழுத்தி அவள் முடி குறுக்கே படிந்துபோய், இரண்டாவது வகிடு போலத் தெரியும். எண்ணெய் வைத்துச் சீவினாலும் போகாது.

காதில் விழுந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். எல்லா ஆபரேட்டர்களும் அப்படி இருந்தார்களா என்று கேட்டால் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஹில்டா இருந்தாள். என் நாத்தனாருக்கு வேலூரில் பிரசவமான செய்தி, எங்கள் தெருமுனை மருந்துக்கடை போனுக்குத்தான் வந்தது. அப்போது போர்டில் இருந்தவள் இவள். டியூட்டி முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தாள், முறுக்குத் தின்றாள். மருந்துக்கடைக்காரர் வந்து, "பெண் குழந்தையாம்" என்று சொல்லுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. "அடிப் பாவி, உனக்குத் தெரியும்தானே?" என்றேன். "நான் லைன் கொடுத்தேன், அவ்வளவுதான் அக்கா" என்றாள்.

வேலை நிரந்தரமாக இரண்டு வருஷம் ஆகவேண்டும். அறுபத்தொன்பது ஜூனில் அந்த ஆர்டர் வரவேண்டியது. அதற்குள் ஒரே ஒரு புகார் எழுத்தில் வந்தாலும், அவளும் கண் தெரியாத தகப்பனும் செங்கல்பட்டுக்கு, பெரியப்பாமார் வீட்டு வாசலுக்குத்தான் போய் நிற்கவேண்டும். அந்தப் பெரியப்பாமார் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் என் தகப்பனார்.

அந்த வருஷக் கோடையில்தான் காமு பார்ட்டியின் கச்சேரிகள் நின்றன.

காமு என்பவள் மெல்லிசைக் குழுவில் பாடுகிற பெண். குழுவுக்கு வேறு நீளமான பேர் இருந்தது. எங்கள் பக்கத்தில் காமு பார்ட்டி என்றால்தான் தெரியும். சினிமாப் பாட்டை ரேடியோவில் கேட்பதைவிட அவள் பாடிக் கேட்பது ஒசத்தி என்று ஜனங்கள் சாதிப்பார்கள். ஹில்டா அவள்மேல் உயிரை வைத்திருந்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. எந்த ஊர்க் கச்சேரியானாலும் அதே இடம். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எங்கள் சர்ச்சில் மெட்டில்டா டீச்சருக்குத் தெரிந்தால் திட்டு விழும் என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மே மாதம் நாலு இடத்தில் கச்சேரி என்று போஸ்டர் ஒட்டினார்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், கடைசியில் படப்பை. லெவல் கிராசிங் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாட்சாதான் எங்கள் ஊர் ரசிகர்களுக்குத் தலைவர். கடையில் ஒரு கரும்பலகை மாட்டி, நாலு தேதியையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருந்தார். பங்சர் ஒட்ட வந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள்.

பல்லாவரம் போஸ்டரின் குறுக்கே முதலில் ஒரு வெள்ளைத்தாள் பட்டை விழுந்தது. 'நிகழ்ச்சி இல்லை' என்ற இரண்டே வார்த்தை. ஐந்தாம் நாள் குரோம்பேட்டை. அதற்கடுத்த வாரம் தாம்பரம். ஏன் என்று ஒரு வரி கிடையாது. குழுவின் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் மேற்குத் தாம்பரத்தில்தான் குடியிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "தவிர்க்க முடியாத காரணம் சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதவைச் சாத்தினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னா காரணம்னு ஒரு வரி எய்தினா அவுரு கை தேஞ்சிடுமா?" என்று பாட்சா கடையிலிருந்து கத்துவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். "எதையோ மறைக்கிறாங்கப்பா. சினிமால சான்ஸ் கெடச்சிருக்கும். இனிமே தாம்பரம்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

பெங்களூரில் யாரோ பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். அக்கார்டியன் வாசிக்கிற ரவியோடு காமு ஓடிப்போய்விட்டாள் என்று இன்னொருவர். மறுநாள் காலையிலேயே அந்த ரவி மார்க்கெட்டில் முளைக்கீரை வாங்கிக்கொண்டு நின்றான். "கீரை வாங்கறா மாதிரி நடிக்கிறான்" என்றார்கள். நமக்குத் தெரியாமல் படப்பையில் முன்னாடியே பாடி முடித்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, பாட்சாவே வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் விசாரித்துவிட்டு வந்தார். மேனேஜர் வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது, அதில் பெண்கள் செருப்பு எத்தனை என்று தினம் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். பாட்சா வீட்டுக்காரி பஷீரா எனக்குப் பக்கத்து வீடு. "இந்த ஆளு என் செருப்பக் கூட இப்டி எண்ணிப் பாத்தது இல்லக்கா" என்று மதில்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

மூன்றாவது கச்சேரியும் நின்றபிறகு எல்லாருடைய பார்வையும் ஹில்டா பக்கம் திரும்பியது. மேனேஜர் வீட்டில் போன் உண்டு. அவர் வெளியூருக்குப் பேசினால் அது எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தானே போகவேண்டும்?

டியூட்டி முடிந்து வந்தவளை பாட்சா கடை வாசலிலேயே நிறுத்தினார். நான் மண்ணெண்ணெய் வாங்கப் போனவள் அங்கேதான் நின்றேன்.

"இன்னா தங்கச்சி, உனுக்குத் தெரியாம இருக்குமா? காமுக்கு இன்னா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணா."

"மேனேஜரு ஃபோன் போட்டாரா இல்லியா? அத்தயாவது சொல்லு."

"டியூட்டி விஷயம் பேசக்கூடாதுண்ணா."

"பாத்தியா, பாத்தியா!" என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "தெரியாதுன்னா தெரியாதுன்னு போவணும். பேசக்கூடாதுன்னா இன்னா அர்த்தம்? உள்ள விசயம் கீது!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்கும் மனதில் ஒரு முள் ஏறியது. ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் காமுவின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அரிசி களைகிற பெண், வாயை இறுக்கிக்கொண்டு களைந்தாள். கச்சேரி நின்றுவிட்டதே என்று ஊரே குதிக்கிறது. அவளைவிடப் பெரிய ரசிகை யார்? அவள் ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. காரணம் தெரியாதவர்கள்தான் கோபப்படுவார்கள். இவளுக்குக் கோபம் இல்லை.

மருந்துக்கடைப் போனை எடுத்து, நம்பர் கேட்பதற்குப் பதிலாக "காமு எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேனேஜருக்கு இவள் உடந்தை என்றார்கள். அவள் நடந்து போனால் சைக்கிள் மணி அடித்தார்கள்.

இப்படி இருக்கும்போது வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிதோறும் எங்கள் சர்ச்சில் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். வாசலில் ஒரு மரப்பெட்டி. யாருக்காக ஜெபிக்கவேண்டுமோ அதைச் சீட்டில் எழுதி, எழுதியவர் பேர் போடாமல் அதில் போட்டுவிடலாம். சர்ச்சை நாங்கள் கோயில் என்போம்; என் வீட்டுக்காரர் அந்தக் கோயிலில் மணி அடிக்கிறவர். பெட்டிச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்துக் கொடுப்பேன், மெட்டில்டா டீச்சர் ஒவ்வொன்றாக வாசிப்பாள். வாசித்த சீட்டைக் கிழிக்கவோ எறியவோ மாட்டோம். நூலில் கட்டி என்னிடம் கொடுத்துவிடுவார்கள். வருஷத்தின் கடைசி வெள்ளியன்று எல்லாவற்றையும் சேர்த்துக் கோயில் முற்றத்தில் எரிப்போம். அதற்கு முன்னால் எரித்தால், கேட்ட ஜெபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது போல என்று எங்கள் பெண்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அன்றைக்கு ஐந்தாவதோ ஆறாவதோ சீட்டு. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்: "ஒரு சகோதரிக்குத் தொண்டையில் கட்டி. இனிமேல் பாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கர்த்தர் தொட்டுச் சுகமாக்க வேண்டும்."

நாற்பது பெண்கள் இருந்தோம். காமுதான் என்று எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. டீச்சருக்கு மட்டும் புரியவில்லை. அவள் காமுவின் பேரையே காதில் வாங்காதவள். நம்ம பாடகர் குழுவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். 

ஆனால் நான் பார்த்தது வேறு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் சீட்டைத் தூக்கிப் பிடித்து வாசிக்கும்போது அதன் பின்பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. அதில் அச்சடித்த கோடுகளும் கட்டங்களும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் வராது. ஆனாலும் அந்தத் தாள் எனக்குத் தெரியும். வீணாய்ப்போன டிரங்க் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஹில்டா வண்ணான் கணக்கு எழுதுவாள். சித்தப்பாவின் மாத்திரையை அதில்தான் மடித்து வைப்பாள். எனக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரிந்தது? எனக்குப் பின்னால் முப்பது முகங்கள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாட்சா கரும்பலகையில் நாலு தேதியையும் அழித்தார். காமுவுக்காக இரண்டு பேர் அழுதார்கள் என்று பஷீரா சொன்னாள். ஆனால் அழுது முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. சீட்டு எழுதியது யார்?

மறுநாள் மேனேஜர் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டார். அங்கிருந்து சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்கே வந்தார். எங்கள் சர்ச் போதகரை ஐயர் என்போம், அவர் ஊரில் இல்லை. மெட்டில்டா டீச்சரும் நானும்தான் இருந்தோம்.

"சேலத்துல இருக்கற காமுவோட அண்ணாகிட்ட மட்டும்தான் சொன்னேன், ஒரே ஒரு டிரங்க் கால்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். "வெளியில தெரிஞ்சா பார்ட்டியை யார் கூப்பிடுவா? பதினோரு பேர் குடும்பம் அதுல இருக்கு. ஆபரேஷன் ஆகட்டும், வேற பொண்ணைத் தயார் பண்ணிக்கலாம்னு மூடி வெச்சிருந்தேன். உங்க ஆபரேட்டர் ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டா."

"யாரென்று தெரியாமல் சொல்லாதீர்கள்" என்றாள் டீச்சர்.

"அந்தச் சீட்டைப் பார்த்தால் கையெழுத்து தெரிந்துவிடும்" என்றார் சூப்பர்வைசர். "எங்கே இருக்கிறது?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "ஐயர் திங்கட்கிழமை வருவார். அவர் உத்தரவில்லாமல் ஜெபச்சீட்டை வெளியே கொடுக்க முடியாது" என்றாள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். டீச்சருக்கும் தெரிந்துதான் அப்படிச் சொன்னாளா என்று எனக்குச் சந்தேகம். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஹில்டா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஹில்டா, அந்தச் சீட்டை நீதானே எழுதினே?"

"எந்தச் சீட்டு அக்கா?"

"டிக்கெட்டுக்குப் பின்னால எழுதியிருக்கேடி. நான் பார்த்தேன். நீ அவங்க பேசறதை ஒட்டுக்கேட்டியா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "டிரங்க் கால்ல மூணு நிமிஷம் ஆனா நாங்க லைன்ல வந்து சொல்லணும்க்கா, 'மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா'ன்னு. அது எங்க வேலை. நான் வர்ற நேரத்துல யார் என்ன பேசிட்டிருந்தாலும் காதுல விழத்தான் செய்யும்." அவ்வளவுதான். யார் பேசினார்கள், என்ன விழுந்தது, ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டாள். அவள்தான் எழுதினாள் என்று எனக்குத் திண்ணமாகத் தெரிந்தும், அது அவள் வாயிலிருந்து வரவில்லை. மனிதரிடம் சொல்லக்கூடாது என்று தேவனிடம் சொல்லியிருக்கிறாள். பெட்டிக்கு ஒரு சாவி இருக்கிறது, வாசிக்க ஒரு டீச்சர் இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துச் சீட்டை எடுத்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கை நீட்டினால் போதும். ஆனால் எரித்தால் அந்தப் பெண்ணின் தொண்டைக்காகக் கேட்ட ஜெபத்தை நானே திரும்ப வாங்கினவள் ஆவேன். வைத்திருந்தால் திங்கட்கிழமை என் தங்கச்சிக்கு வேலை போகும். சோறு குழைகிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. அந்த மே மாத வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். மேடையில் பார்த்ததைவிடக் குள்ளம். காமு.

"சாராள் அக்கா நீங்கதானே? டீச்சரம்மா உங்க வீட்டைச் சொன்னாங்க." குரல் இல்லை, வெறும் காற்று. கிட்டே போய்த்தான் கேட்க முடிந்தது. "எனக்காக நாப்பது பேர் ஜெபம் பண்ணீங்களாம்."

"ஆமாம்மா."

"அந்தச் சீட்டை எனக்குக் கொடுங்க."

நான் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தேன்.

"என்னைப் பத்தி எழுதினது. என் சீட்டுதானே அது?"

 கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வேதாகமத்தைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு திருப்பினாள். அச்சடித்த பக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது அவள் கண் போன விதத்திலேயே தெரிந்தது. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள்.

அவள் போனபிறகுதான் எனக்கு யோசனை வந்தது. அவள் யார்? மேனேஜரின் பாட்டுக்காரி. ஊர் முழுக்கத் தன் வியாதியைப் பேசும்படி செய்தவள்மேல் அவளுக்கு ஆத்திரம் இருக்காதா? நேரே மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வாங்கிப்போகிறாள். கண் தெரியாத சித்தப்பாவின் சோற்றை நானே எடுத்து அந்நியக் கையில் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. 

திங்கட்கிழமை ஐயர் முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஹில்டாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். பாட்சாவும் நாலைந்து ரசிகர்களும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். சீட்டு எங்கே என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"யாருக்காக எழுதினதோ அந்தம்மாவே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். 

மேனேஜர் துள்ளி எழுந்தார். "காமுவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

அவளிடம் கேட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசரும் மேனேஜரும் கிளம்பினார்கள். ஐயர் என்னையும் போகச் சொன்னார். காமு தங்கியிருந்த வீட்டுக்கு நடந்தே போனோம். பாட்சாவும் ஆட்களும் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஹில்டாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சர்ச் பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காமு கதவைத் திறந்தாள். சூப்பர்வைசர் விஷயத்தைச் சொன்னார். அவள் மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள்.

"நீயா? யார்கிட்ட சொன்னே?" என்றார் மேனேஜர்.

"தெரிஞ்சவங்ககிட்ட. மூணு வாரமா நீங்க மூடி மூடி வெச்சீங்க, ஊர்ல நான் ஓடிப்போயிட்டேன்னு பேசறாங்க. யாராவது எனக்காக வேண்டிக்கட்டும்னு நான்தான் சொன்னேன்." இவ்வளவு பேசுவதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீட்டைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"அது என்னோடது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குமேல் புகார் எங்கே நிற்கும்? ஜூன் பதினெட்டாம் தேதி ஹில்டாவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. சித்தப்பா அந்தத் தாளைத் தடவித் தடவிப் பார்த்து, எந்த ஓரத்தில் முத்திரை இருக்கிறது என்று கேட்டார்.

பாட்சாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "காமு ஏன் இந்தப் பொண்ணுக்காவ வந்து நிக்கிறா? ரெண்டு பேருக்கும் இன்னா சம்பந்தம்?" என்று மண்டையைக் குடைந்துகொண்டார். ஒருநாள் மருந்துக்கடைப் போனை எடுத்துக் கேட்டே விட்டார்.

"தங்கச்சி, கோவப்படாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. காமு சொன்னது நெசமா?"

"நம்பர் சொல்லுங்க அண்ணா" என்றாளாம்.

காமுவுக்கு ஆபரேஷன் நடந்தது. பேச வந்தது, பாட வரவில்லை. குழுவில் வேறு பெண் பாட வந்தாள். பாட்சா போய் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஹில்டா அதற்குப் பிறகு அந்த மூன்றாவது வரிசைக்குப் போகவே இல்லை.

டிசம்பரில் தபால்காரர் ஒரு உறை கொண்டுவந்தார். என் பேருக்குக் கடிதம் வருவது கிடையாது. பிரித்தால் உள்ளே அந்தச் சீட்டு. கூடவே ஒரு துண்டுத்தாள்: 'மற்றதோடு சேர்த்துவிடுங்கள், அக்கா.' டீச்சர் சொல்லியிருக்கவேண்டும், வருஷக் கடைசியில் எரிப்போம் என்று.

கடைசி வெள்ளியன்று கோயில் முற்றத்தில் தீ மூட்டினோம். ஹில்டாவுக்கு அன்று காலை டியூட்டி இல்லை. என் பக்கத்தில் நின்றாள். கட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் அந்தச் சீட்டை எடுத்தேன். அச்சடித்த பக்கம் மேலே இருந்தது. அவள் பார்த்தாள்.

"இது உன்னோடதுதானே? இப்பவாவது சொல்லேண்டி" என்றேன் காதோடு.

"எந்தச் சீட்டு அக்கா?" என்றாள். என் கையிலிருந்து அதை வாங்கி, குனிந்து, தீக்குள் அவளே வைத்தாள்.